நாலு சென்ட் நஷ்டம்

போன வாரம் அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் காட்டுக்குப் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினோம். பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு வந்த அரை ஏக்கர், பெரியப்பா காட்டுக்கு நட்டநடுவில் கிடந்தது. தடம் கிடையாது. குச்சிக்கிழங்கு பிடுங்கினால் வரப்பு வழியாகத் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்கு வரவேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அறுந்த வருடங்களில் அந்த வரப்பும் கிடையாது. இப்போது பெரியப்பா மகன் ரோட்டோரம் கொடுத்தார், நாங்கள் நடுவில் இருந்ததைக் கொடுத்தோம். அளந்து பார்த்தால் எங்களுக்கு நாலு சென்ட் குறைவு.

டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏமாந்துட்டியே தம்பி" என்றார். அவரிடம் மேற்கு வங்க எல்லையில் இருக்கும் கூச் பெஹார் கதையை ஆரம்பித்தேன்.

இந்தியாவின் 111 துண்டு நிலங்கள் வங்கதேசத்துக்குள்ளும், அவர்களுடைய 51 துண்டுகள் நமக்குள்ளும் கிடந்தன. சிட்மஹல் என்பார்கள். அதில் தஹாலா காக்ராபாரி என்று ஒன்று. வங்கதேசத்துக்குள் இந்திய நிலம், அதற்குள் வங்கதேச நிலம், அதற்குள் மறுபடியும் இந்தியா. அந்தக் கடைசி இந்தியா, இரண்டு ஏக்கருக்கும் குறைவான ஒரு சணல் வயல்.

எல்லைத் தகராறு என்றாலே ராட்கிளிஃபைத் திட்டுவது நமக்குப் பழக்கம். 1947 ஜூலையில் வந்து ஐந்து வாரத்தில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே கோடு கிழித்த வெள்ளைக்காரர், திட்டலாம். ஆனால் இந்தத் துண்டுகள் அவர் கிழித்தவை அல்ல. மொகலாயர் காலத்திலிருந்து வந்த பாக்கி இது. சதுரங்கத்தில் பந்தயம் வைத்த கிராமங்கள் என்று ஒரு கதையும் உண்டு. கூச் பெஹார் சமஸ்தானம் 1949இல் நம்மோடு இணைந்தபோது, மன்னரின் அந்தத் துண்டுகள் அடுத்த நாட்டுக்குள் மாட்டிக்கொண்டன. 1974 மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் மாற்றிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வங்கதேசம் அந்த வருடமே ஒப்புதல் கொடுத்தது. நாம் அரசியல் சட்டத்தின் 100ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது 2015இல். இடையில் போன 41 வருடத்துக்கு எந்த வெள்ளைக்காரனைத் திட்டுவது?

அந்த வருடங்களில் அங்கே இருந்தவர்களுக்குச் சொந்த நாட்டின் ரேஷன் இல்லை, போலீஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. வெளியே கால் வைத்தாலே எல்லை தாண்டிய குற்றம். பக்கத்து ஊர்க்காரரை அப்பா என்று எழுதிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தவர்கள் உண்டு. என்னால் படித்துவிட்டுக் கடந்துபோக முடியாத இடம் இதுதான்.

2015 ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. நாம் கொடுத்தது சுமார் 17,160 ஏக்கர், வாங்கியது 7,110.

"பத்தாயிரம் ஏக்கரா! அடேங்கப்பா, கவருமெண்டும் ஏமாந்துடுச்சா" என்றார் பெரியவர்.

ஏமாறவில்லை ஐயா. நம் அதிகாரி ஒருவர் கூட நினைத்தபடி போய்வர முடியாத நிலம், காகிதத்தில் மட்டும்தான் நம்முடையது.

அடுத்து கச்சத்தீவு வரும் என்று தெரியும், வந்தது. அதே 1974, ஜூன் மாதம், 285 ஏக்கர். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. சிட்மஹலுக்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது, இதற்கு அது தேவையில்லை என்று முடித்துக்கொண்டார்கள், அந்தக் கோபம் சரிதான். ஆனால் மேடையில் ஏக்கர் கணக்கே பேசுகிறோம். 1974 ஒப்பந்தத்தில் நம் மீனவர்கள் தீவுக்குப் போய்வரவும் பழைய உரிமைகளோடு படகு ஓட்டவும் இடம் இருந்தது. 1976இல் எழுதிக்கொண்ட கடிதங்களில் அந்தப் பக்கத்துக் கடலில் மீன் பிடிப்பது போனது. ராமேஸ்வரத்துக்காரருக்குத் தடம் அடைபட்டது அப்போதுதான். அந்த வருடத்தை எந்த மேடையிலாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?