ஜன்னலோரம் வரிசையாக நின்ற பாட்டில்கள்

சிறுநீரகத்தில் ஊசி செலுத்திச் சதை எடுக்கும் பயாப்ஸியைக் காலையில் செய்துவிட்டு மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பலாமா? அனுப்பலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் அந்தத் தீர்ப்பு, பகல் முழுக்க நோயாளியின் பக்கத்தில் நிற்கும் செவிலியரின் கையில் இருக்க வேண்டும். என் மதினிக்கு இந்தப் பரிசோதனை இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் கூடவே இருந்தவள் நான்.

மதினி முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் சிறுநீரகத்தைப் பிடித்து முகமும் காலும் வீங்கியிருந்தன. முதல் முறை ஒரு மருத்துவமனையில் பதினொரு மணிக்கு ஊசி போட்டார்கள். நான்கு மணிக்குச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தன. ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி இல்லை. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் ரத்தக் கட்டியாக வந்தது, பிறகு அடைத்துக்கொண்டது. சுவரில் சாய்ந்து அடிவயிற்றைப் பிடித்தபடி, பிள்ளைகள் விழித்துவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 108 வந்தது, ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தார்.

ஊசி போட்ட மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. எவ்வளவு கைதேர்ந்தவர் செய்தாலும் சிலருக்கு ரத்தம் கசியும். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது மிகச் சிலருக்குத்தான். என் கோபமெல்லாம் அந்த நான்கு மணியின் மேல். 2004-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, பயாப்ஸி செய்துகொண்ட 750 பேரைக் கவனித்தது. சிக்கல் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு எட்டு மணி நேரம் கடந்த பிறகே அது தெரிந்தது. ஐந்து மணி நேரத்தில் அனுப்பிவிட்டு, இரவை யார் பார்த்துக்கொள்வது?

மருந்து வேலை செய்கிறதா என்று அறிய இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் பயாப்ஸி. இந்த முறை வேறு இடம். பத்து நாள் முன்னதாகவே ஒரு செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். வேறு மாத்திரை ஏதும் போடுகிறீர்களா என்றார். மதினி இல்லை என்றார். அவர் விடவில்லை. "இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடுவது உண்டா அக்கா?" நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றுகிறவருக்கு இல்லாமலா! அன்றோடு அதை நிறுத்தச் சொன்னார். அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். சீட்டில் எழுதாத அந்த மாத்திரை, இப்படித் துருவிக் கேட்டால்தான் வெளியே வரும்.

அன்று காலை ரத்த அழுத்தம் 164. 140-க்குக் கீழே வரட்டும் என்று செவிலியர் சொன்னார், மருத்துவர் காத்திருந்தார். குப்புறப் படுக்கவைத்து மூச்சைப் பிடித்து நிறுத்தப் பழக்கியதும் அந்தச் செவிலியர்தான். பிறகு மல்லாந்து ஆறு மணி நேரம். ஒவ்வொரு முறை போன சிறுநீரிலும் கொஞ்சம் எடுத்து, நேரம் எழுதிய பிளாஸ்டரை ஒட்டி, ஜன்னலோரம் பாட்டில்களை வரிசையாக வைத்தார். முதலாவது நன்னாரி சர்பத் நிறம். அடுத்தது அதைவிட வெளிறல். நான்காவதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் முகம் தெளிந்தார்.

அப்போதும் அனுப்பவில்லை. வீடு எங்கே, இரவில் கார் கிடைக்குமா, துணைக்கு யார் என்று கேட்டார். முக்கூடல் என்றதும், "இன்று ஒரு ராத்திரி பாளையங்கோட்டையிலேயே தங்குங்கள்" என்றார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்காரருக்கும் தொலைவில் உள்ள திசையன்விளைக்காரருக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும்? கடைசி பஸ் போய்விட்டால் களக்காட்டுக்கு மேற்கே உள்ளவர் என்ன செய்வார்? தொலைவில் இருப்பவருக்கு ஓர் இரவுப் படுக்கை கொடுங்கள். 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. பயாப்ஸி முடிந்து வீடு திரும்பியவரையும் மறுநாள் காலை அந்தத் திட்ட ஊழியர் ஓர் எட்டு பார்த்துவிட்டு வரலாமே.

மருத்துவர் இருக்கும்போது செவிலியர் என்ன முடிவெடுப்பது என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இந்த ஒருநாள் சேவையை நடத்தும் இடங்கள் உண்டு. அங்கே மருத்துவர் தேவையற்றுப் போய்விடவில்லை. கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கிறார்.

அடுத்த நாள் ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. "என்ன நிறம் அக்கா?" என்றுதான் அந்தச் செவிலியர் முதலில் கேட்டார். "வெள்ளையாகத்தான் போகிறது சிஸ்டர்," என்றார் மதினி. இரண்டு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னிடம் கொடுக்கச் சொல்லி, அதையே எனக்கும் ஒரு முறை சொன்னார்.