எந்திரம் இருக்கட்டும்

டிஜிட்டல் விரதம் இருக்கச் சொல்பவர்கள் எப்படியோ சீனத்துப் பழைய தத்துவமான தாவோயிசத்தையும் இழுத்துவிடுகிறார்கள். போனைத் தூக்கிப் போடு, மலைக்குப் போ, மனசு லேசாகும். தண்டையார்பேட்டையில் உட்கார்ந்து இதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. இங்கே எத்தனையோ பேருக்குப் போன்தான் பிழைப்பு. ஆர்டர் வருவதும் அதில், கூலி வருவதும் அதில்.

ஜுவாங்சி என்ற பழைய தாவோயிச நூலில் ஒரு கதை உண்டு. கிழவர் ஒருவர் கிணற்றுக்குள் இறங்கிப் பானையில் தண்ணீர் மொண்டுவந்து தோட்டத்துக்கு ஊற்றுகிறார். கன்பூசியஸின் சீடர் ஸிகோங், ஏற்றம் வைத்தால் ஒரே நாளில் நூறு பாத்தி பாயுமே என்கிறார். தெரியும், ஆனால் எந்திரம் வந்தால் எந்திர மனசும் வந்துவிடும் என்கிறார் கிழவர்.

அடிபம்பில் அடித்து, குடத்தை இடுப்பில் வைத்து மாடி ஏறிய எங்கள் அம்மாக்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும்தான். ஏற்றம் வேண்டும். ஆனால் மனசு விஷயத்தில் கிழவர் சொன்னது சரி.

தாவோயிசத்தின் மூலவராகச் சொல்லப்படும் லாவோட்சு இன்னும் நிதானம். அவர் பெயரில் உள்ள தாவோ தே ஜிங் நூலின் 80ஆம் அத்தியாயத்தில் வரும் சிறு நாட்டில் படகும் வண்டியும் இருக்கின்றன. ஏறிப் போகத்தான் யாருக்கும் தேவையில்லை. 44இல், நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை என்கிறார். போன் நம்மிடம் பிடுங்கிக்கொண்டது இதைத்தான். முன்பெல்லாம் பக்கம் முடியும், 'அடுத்து' என்று அமுக்கினால்தான் மேலே போகும். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லா ஸ்க்ரோல் அந்த நிறுத்தத்தையே தூக்கிவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டார்.

காசிமேட்டில் நான் மீன் வாங்கும் அக்காவின் ஐஸ் பெட்டிமேல் க்யூஆர் அட்டை இருக்கிறது. செதில் ஒட்டினால் முந்தானையால் துடைத்துவிடுவார். சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொன்னதும் அடுத்த வஞ்சிரத்தில் கத்தி வைத்துவிடுவார். கணக்கெல்லாம் மகன் போனில்.

"பணம் வந்துச்சான்னு பாக்கலையாக்கா?"

"அதான் கத்துதே, அப்புறம் என்னத்தப் பாக்குறது?"

ஏற்றமும் உண்டு, எந்திர மனசும் இல்லை.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப் நேர் எதிர். தண்ணி லாரி வரும் செய்தி, காலை வணக்க ரோஜாவுக்கும் மூட்டுவலி வைத்தியத்துக்கும் நடுவே புதைந்து கிடக்கும். லாரிக்காகத் திறந்து, ரோஜாவில் ஆரம்பித்து, எங்கேயோ ஒரு ரீல்ஸில் போய் நிற்போம். அதற்குள் லாரியே போயிருக்கும். அட்மினிடம் சண்டை போட்டு லாரிக்கென்று தனி குரூப் வைத்தோம். அட்மின் மட்டும்தான் போடலாம். லாரி கிளம்பினால் ஒரு வரி. என் போனில் சத்தம் வருவது இப்போது அதற்கும் வீட்டு ஆட்களின் அழைப்புக்கும் மட்டும்தான்.

மேல்வீட்டு அண்ணன் நேற்று கேட்டார்: "தம்பி, அந்த குரூப் செத்துப்போச்சா? ரெண்டு நாளா ஒண்ணுமே வரலையே."

"குரூப் நல்லாத்தான் இருக்குண்ணே. லாரிதான் வரல."