முதல் இரண்டு வருடம் எங்களை வீடுகளுக்கு விடுங்கள்

குருப்பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. தர்மபுரி கத்தோலிக்க மறைமாவட்டத்தில் உதவிப் பங்குத்தந்தையாக இருக்கிறேன். தாய்ப் பங்கோடு நான்கு கிளைக்கிராமங்கள். மனதில் கிடந்து உறுத்தும் ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன்.

போன மே மாதம் ஒரு மதியம், பங்குப் பள்ளியின் பேருந்துகளுக்குத் தகுதிச் சான்று வாங்கும் வேலையில் இருந்தேன். மேசை முழுக்கக் காகிதம். கிளைக்கிராமத்தில் செபமும் மறைக்கல்வியும் நடத்தும் உபதேசியார் போன் செய்தார். "சாமி, பாட்டிக்கு ரொம்ப முடியல. அவஸ்தை பூசணும்னு கேக்குது." நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைத்தான் அவஸ்தை என்பார்கள். ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றேன். மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பைக்கை நிறுத்தும்போதே வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது. எண்ணெய்ச் சிமிழ் என் சட்டைப்பையில் இருந்தது. இறந்துவிட்டவருக்கு அதைப் பூச முடியாது. செபம் சொன்னேன், தீர்த்தம் தெளித்தேன்.

யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மகள் மட்டும், "வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு சாமி" என்றார். அப்புறம் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சொம்பை வாங்கிய கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தவறு என்னுடையது, அதில் சந்தேகமில்லை. கோப்பை மூடிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் புதுக் குரு ஒருவர் பங்குக்கு வந்த கையோடு பள்ளி, கட்டடம், கணக்கு என்று மேசையில் உட்கார வைக்கப்படுவது சரியா என்று கேட்காமலும் இருக்க முடியவில்லை. பேருந்துச் சான்றுக்கு ஒரு நல்ல எழுத்தர் போதும். நோயில்பூசுதல் கொடுக்கவும் பாவசங்கீர்த்தனம் என்னும் பாவ அறிக்கை கேட்கவும் குருவானவரால் மட்டுமே முடியும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 529ஆம் எண், பங்குத்தந்தை தன் மக்களை அறிந்திருக்க வேண்டும், குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், நோயாளிகளைத் தேடிப் போக வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில்தான் பார்க்கிறோமே என்பார்கள். தேவை இருந்தால் ஞாயிறன்று மூன்று பூசை வரை வைக்க அனுமதி உண்டு. எனக்கு அநேகமாக மூன்றும் இருக்கும். ஒன்று முடிந்ததும் அங்கியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஊர். நன்மை, அதாவது திருப்பலி அப்பம், கொடுக்கும்போது கைகளைத்தான் பார்க்கிறேன். புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் பெண்களின் விரல் இடுக்கு பங்குனி, சித்திரையில் கறுத்துப் போயிருக்கும், எத்தனை கழுவினாலும் போகாது. சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர் கையில் காப்பு காய்ச்சியிருக்கும். கையைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவேன், பேர் தெரியாது. அந்தப் பாட்டியின் கையும் எனக்குத் தெரிந்த கைதான். அவர் முழுப் பெயர் தெரிந்தது இறப்புப் பதிவேட்டில் எழுதும்போதுதான்.

பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் முதல் தலைமுறை எழுத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றது. என் அம்மாவும் அப்படிப் படித்தவர்தான். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த மறைமாவட்டம் எங்களுடையது, குருக்களும் கொஞ்சம்தான் என்பதும் புரிகிறது. நான் கேட்பது முதல் இரண்டு வருடம் மட்டும். அதற்குப் பிறகு எந்தப் பொறுப்பும் கொடுங்கள், ஓடி ஓடிச் செய்கிறோம்.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் வருடக்கணக்கில் படித்தோம். பெங்களூரு கட்டட வேலையில் இருக்கும் அப்பா, மகள் முதன்முறை நன்மை வாங்கும் புதுநன்மையை வீடியோ காலில் பார்த்துவிட்டு, "சாமி, போனை கொஞ்சம் அவ பக்கம் திருப்புங்க" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஓசூர் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் வேண்டும். பேத்தியிடம் தெலுங்கில் பேசும் பாட்டியிடம் என் சுத்தத் தமிழ் எடுபடவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் கிண்டிய களியைச் சாப்பிட்டுத்தான் இதையெல்லாம் கற்க முடிகிறது.

பங்கு மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உடம்பு முடியாதவர் வீட்டில் இருந்தால், கடைசி நேரத்துக்குக் காத்திருக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். நோயில்பூசுதல் சாகப்போகிறவருக்கு மட்டுமல்ல. "சாமிக்கு வேலை இருக்கும்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

பங்குத்தந்தையிடம் பேசிவிட்டேன். செவ்வாய், வியாழன் மாலைகளை எனக்கு விட்டுவிட்டார். அந்தப் பாட்டியின் தெருவிலிருந்து தொடங்கினேன். அந்த ஊரில் 43 வீடுகள். இன்னும் பதினொன்று பாக்கி.