தலைக்கு மேல் போகும் சத்தமும் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளும்

சுகோய் போர் விமானம் தாழப் பறக்கிற நாளில் எங்கள் வீட்டுப் பரணில் கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளை அண்டா லேசாக அதிரும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் நிற்கும் கொக்குகள் மொத்தமாகக் கிளம்பி, ஒரு வட்டம் அடித்து, அதே வயலில் வந்து இறங்கும். 2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 222ஆம் பிரிவு வந்ததிலிருந்து இந்தச் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது.

விமானத்தின் வேகம், பிரம்மோஸ் ஏவுகணையின் எடை எல்லாம் டீக்கடையில் உட்காரும் பையன்களுக்கு மனப்பாடம். என் அக்கா மகனும் அப்படித்தான். பிளஸ் டூ படிக்கிறான், ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான என்டிஏ தேர்வு எழுதப் போகிறான். "மாமா, ஃபைட்டர் பைலட் பத்தி நல்ல புக்கா சொல்லுங்க" என்று போன வாரம் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எதிரி விமானம் எத்தனை விழுந்தது என்ற கணக்கோடு ஆரம்பிக்கும் புத்தகத்தை முதலில் எடுக்காதே என்றேன். பயந்ததை, அடிபட்டதை, தோற்றதை மறைக்காமல் எழுதியவர்களிடமிருந்து தொடங்கு. நம் வீட்டு அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது, அக்னிச் சிறகுகள். பள்ளியில் பரிசாகக் கொடுத்தார்கள், எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அப்துல் கலாம் விமானி ஆகவேண்டும் என்று டேராடூன் போய், 25 பேரில் 9ஆவதாக வந்து, 8 பேரோடு தேர்வு முடிந்துபோன அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவனை அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன்.

அடுத்து, 'குட்டி இளவரசன்' என்ற கதையை எழுதிய அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. அவர் போர் விமானி என்பது குட்டி இளவரசனைப் படித்த பலருக்கே தெரியாது. 1940 மே மாதம் பிரான்ஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது வேவு பார்க்கப் போனதைப் பற்றி 'ஃப்ளைட் டு அராஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய பிரிவில் இருந்த 23 குழுக்களில் 17 குழுக்கள் மூன்றே வாரத்தில் திரும்பாமல் போய்விட்டன. எடுத்து வரும் படங்களைப் பார்த்து முடிவெடுக்க மேலே யாரும் இல்லை என்று தெரிந்தும் கிளம்புகிறார். காட்டுத்தீயில் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி தங்களை அனுப்புகிறார்கள் என்று எழுதுகிறார். கீழே இருந்து குண்டுகள் வரும் நேரத்தில் அவருக்குச் சின்ன வயதில் தன்னைப் பார்த்துக்கொண்ட ஆயாவின் ஞாபகம் வருகிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து பறந்து போனவர் திரும்பவில்லை.

ரிச்சர்ட் ஹிலாரியின் 'தி லாஸ்ட் எனிமி' படிக்கக் கஷ்டமான புத்தகம். கஷ்டம் மொழியில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த, அழகும் திமிரும் உள்ள பையன். 1940 செப்டம்பர் 3, அவருடைய ஸ்பிட்ஃபயர் போர் விமானம் தீப்பற்றுகிறது. மேல் மூடி திறக்கவில்லை. கையில் உறை போட்டிருக்கவில்லை. முகமும் விரல்களும் வெந்து கடலில் விழுகிறார். அதற்குப் பிறகுதான் புத்தகமே. மெக்கிண்டோ என்ற மருத்துவர் கைத்தோலை எடுத்துப் புது இமை வைக்கிறார். கடலில் விழுந்தவர்களின் தீப்புண் நன்றாக ஆறுவதைக் கவனித்து, உப்புத்தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தவர் அவர். ஹிலாரி அந்தக் கைகளோடு மறுபடி பறக்கப் போய், 1943 ஜனவரியில் இரவுப் பயிற்சியில் இறந்தார். வயது 23. விமானியாக வேண்டும் என்று ஆசைப்படும் பையனுக்கு இதைக் கொடுக்கலாமா என்று அக்கா என்னிடம் சண்டைக்கு வந்தாள். கொடுக்கத்தான் வேண்டும் என்பதுதான் என் எண்ணம். தெரிந்து போகட்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது எதுவென்றால் ஃபெய்த் ஜான்ஸ்டன் எழுதிய 'ஃபோர் மைல்ஸ் டு ஃப்ரீடம்'. 1971 பாகிஸ்தான் போரில் பிடிபட்ட நம் விமானிகள் ராவல்பிண்டி முகாமில் இருக்கிறார்கள். பாருல்கர், கிரேவால், சிங்ஜி மூன்று பேரும் 1972 ஆகஸ்டில் சுவரில் ஓட்டை போட்டுத் தப்பிக்கிறார்கள். திசைகாட்டி கூட அவர்களே செய்துகொண்டதுதான். பஸ் பிடித்துப் பெஷாவர் போய், அங்கிருந்து லண்டி கோட்டல் வரை போய்விட்டார்கள். ஆப்கன் எல்லை கிட்டத்தில்தான். அங்கே "லண்டி கானாவுக்கு எப்படிப் போவது?" என்று கேட்கிறார்கள். பழைய வரைபடத்தில் இருக்கும் ரயில் நிலையம் அது. 1932லேயே அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். மாயவரம் டீக்கடையில் நின்று "தரங்கம்பாடி ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் நாம் எப்படிப் பார்ப்போம்? அப்படித்தான் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டார்கள். வானத்திலிருந்து அத்தனையையும் பார்த்துப் பழகியவர்கள், தரையில் ஒரு ஊர்ப் பெயரில் தடுக்கி விழுந்தார்கள். டிசம்பரில்தான் மற்றவர்களோடு நாடு திரும்பினார்கள்.

பி.சி. லாலின் 'மை இயர்ஸ் வித் தி ஐஏஎஃப்' சாகசம் தேடுபவர்களுக்கு இல்லை. 1971இல் விமானப்படைத் தளபதியாக இருந்தவர். 1965இல் ராணுவமும் விமானப்படையும் சேர்ந்து திட்டமிடாமல் போனதைப் பற்றி நேராகப் பேசுகிறார். பொறுமை இருந்தால் படிக்கலாம்.

சரி, இன்னொரு விஷயம். இவை எல்லாமே பைலட்டுகளைப் பற்றிய புத்தகங்கள். எங்கள் சித்தப்பா விமானப்படையில் இன்ஜின் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஹிலாரி புத்தகத்தை அவரிடம் காட்டியபோது கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூடி திறக்காமல் போன பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "இதை யார்ப்பா செக் பண்ணி விட்டது?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் தன் கதையைச் சொன்னார். வேலை முடிந்ததும் பெட்டியில் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் எண்ணிக்கைக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் கிளம்பாது. ஒரு ராத்திரி ஒரு சின்ன ஸ்பேனருக்காக இரண்டு மணி வரை டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார்கள். கடைசியில் கூட வேலை பார்த்தவரின் பாக்கெட்டில் இருந்திருக்கிறது.

"எஃப் 700னு ஒரு புக் உண்டு. ஏறுறதுக்கு முன்னாடி பைலட் அதுல கையெழுத்துப் போடுவார். அதுக்கு மேல எங்க கையெழுத்து இருக்கும். எங்களை நம்பித்தான் அவர் ஏறுறார்."

இருபது வருடமாக ஒரே வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறோம், இதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நாங்களும் கேட்கவில்லை, அதுதான் உண்மை. பாபநாசம், மன்னார்குடி, திருவாரூர் என்று இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து எஸ்எஸ்எல்சி முடித்துவிட்டு விமானப்படைக்கு ரயில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு, சம்பாவுக்கு உரம் கிடைக்குமா என்று சொசைட்டி வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் எழுதிய புத்தகம் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். எழுத வராது என்றால் போனில் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்கள்.

சித்தப்பாவுக்கு இருநூறு பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பக்கம் ஆகியிருக்கிறது. இன்னும் அந்த ஸ்பேனரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.