கடலோர வீட்டின் மதிப்பு இறங்கவே இறங்காதா?

"கடலைப் பார்த்த வீட்டை என்ன விலை கொடுத்தும் வாங்கலாம், மதிப்பு இறங்கவே இறங்காது" என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு. ஏறக்கூடியது நிலத்தின் மதிப்பு. அதுவும் கரையை அலை அரிக்காத வரைதான். கட்டடம் எங்கும் தேயும், உப்புக் காற்றில் வேகமாகத் தேயும்.

காற்றோடு வரும் கடல் உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியை எட்டி, போதிய அளவு சேர்ந்ததும் துரு தொடங்குகிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். அந்த அழுத்தத்தில் கம்பி போகும் வழியிலேயே நீளவாக்கில் விரிசல் விழுந்து, கான்கிரீட் பெயர்ந்து விழும். மேலே சிமென்ட் பூசிப் பெயின்ட் அடித்தால் கொஞ்ச காலம் தெரியாது, அவ்வளவுதான். விற்பனைக்கென்றே புதுப் பெயின்ட் அடித்த வீடா? இன்னும் உற்றுப் பாருங்கள்.

பால்கனியின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். வெற்றுப் பானை போலச் சத்தம் வந்தால் உள்ளே பிளந்திருக்கலாம். துளையிட்டுத் தூளெடுத்து குளோரைடு அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். பினாப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைக் கான்கிரீட்டில் தெளித்து, இளஞ்சிவப்பு வந்தது என்று காட்டினால் நம்பிவிடாதீர்கள். அது காரத்தன்மையைத்தான் காட்டும், உப்பை அல்ல.

கைப்பிடிகள் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் பழுப்புப் புள்ளி விழும், 316 நல்லது. வெள்ளக் காப்பீட்டு பிரீமியம் எவ்வளவு என்று விலை பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.