போன் வந்து சேர்ந்துவிட்டதாம், வண்டி வரவில்லையாம்

இன்று காலை 9:40-க்கு மெசேஜ். "அன்புள்ள கேப்டன், உங்கள் டிரிப் செட்டில்மெண்ட் தயார்."

கேப்டனாம். பிடித்தம் போக கேப்டனுக்கு வந்திருப்பது 1,420 ரூபாய். சென்னைப் பக்கம் ஒரகடத்திலிருந்து மும்பைப் பக்கம் பிவண்டிக்கு 1,300 கிலோமீட்டர், 32 அடி கண்டெய்னர், உள்ளே வாஷிங் மெஷின். ஆறு நாள் உழைப்புக்கு 1,420. அதற்குக் கீழேயே இன்னொரு மெசேஜ்: "எங்களுடன் உங்கள் பயண அனுபவம் எப்படி? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்?" கண்ணில் பூச்சி பறக்க வைத்துவிட்டு நட்சத்திரம் கேட்கிறார்கள்.

கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்று பேச்சு. அப்படியானால் 5,200 வர வேண்டும். பிடித்தது 3,780. தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு நாளைக்கு 700 வீதம் மூன்று நாளுக்கு 2,100. டீசல் குறைந்ததற்கு 1,180. வண்டியை விட்டு இறங்கிப் போனதற்கு 500.

இறங்கிப் போனதற்கு! எங்கே போனேன் தெரியுமா? கோடவுன் கேட்டுக்குப் போனேன். ஏன் போனேன் தெரியுமா? போகச் சொன்னதே அவர்கள்தான். இருங்கள், முதலிலிருந்து வருகிறேன். இதை முழுசாகச் சொல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்கு ஒரகடத்தில் சீல் போட்டார்கள். 72 மணி நேரத்தில் பிவண்டி. அதாவது புதன் மாலை 6. நான் புதன் மாலை 4:10-க்கே மான்கோலி தாண்டி கோடவுன் இருக்கிற ரோட்டில் திரும்பிவிட்டேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம் முன்னதாக! ஹூப்ளியில் மழை, கோலாப்பூருக்கு முன்னால் ரோடு வேலை, ஒரு மலை ஏற்றத்தில் எனக்கு முன்னால் ஒரு டிரெய்லர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. இத்தனைக்கும் நடுவில் சீக்கிரம் வந்துவிட்டோமே என்று எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் குடித்தேன். அந்த டீயை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது.

ரோட்டில் எனக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தி மூன்று. கோடவுன் கேட் கண்ணுக்குத் தெரிகிறது. செக்யூரிட்டி குடையோடு நிற்பது தெரிகிறது. கம்பெனி கொடுத்த செயலியைத் திறந்து 'வந்து சேர்ந்தேன்' பொத்தானை அமுக்கினேன். அமுங்கவில்லை. சாம்பல் நிறத்தில் செத்த மீன் மாதிரி கிடந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில், "நீங்கள் இலக்கிலிருந்து 340 மீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள்."

விஷயம் என்னவென்றால், கம்ப்யூட்டரில் அந்த கேட்டைச் சுற்றி 200 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். வண்டி அந்த வட்டத்துக்குள் வந்தால்தான் வந்ததாக அர்த்தம். சீதைக்கு லட்சுமணன் கோடு போட்டான், தாண்டாதே என்று. எனக்கு இவர்கள் போட்டிருக்கிறார்கள், தாண்டி வா என்று. வழியை மறித்துக்கொண்டு இருபத்தி மூன்று லாரி.

கண்ட்ரோல் ரூமிலிருந்து போன்.

"அண்ணா, வண்டி எங்க இருக்கு?"

"கேட்டுக்கு முன்னாடிதாங்க தம்பி நிக்கறேன்."

"சிஸ்டத்துல ரீச் ஆகலையே அண்ணா."

"சிஸ்டத்துல ஆகல, நான் ஆயிட்டேன்."

"கொஞ்சம் முன்னாடி எடுங்கண்ணா."

"முன்னாடி நாகாலாந்து வண்டி நிக்குது தம்பி. அதுமேல ஏத்திடட்டுமா?"

"சரிண்ணா, அப்டேட் பண்ணுங்க." வைத்துவிட்டான். அரை மணி நேரம் கழித்து அதே குரல், அதே கேள்வி. ராத்திரி 10 மணிக்கு வேறு குரல். காலை 6 மணிக்கு இன்னொரு குரல். கண்ட்ரோல் ரூமில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறது, பாருங்கள். நல்ல விஷயம்தான். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். எனக்கும் அப்படி ஒரு சட்டம் 1961-லேயே போட்டார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. மலை, டோல், ரோடு வேலை எல்லாம் சேர்த்து மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்தால் 8 மணி நேரத்தில் 320 போகலாம். இவர்கள் கொடுத்த கெடுவுக்கு ஒரு நாளைக்கு 433 போக வேண்டும். கணக்குப் பாடம் அவர்களுக்கு வராது என்று நினைக்கிறீர்களா? பிடித்தம் போடும்போது பைசா சுத்தமாக வருகிறதே.

வியாழக்கிழமை. செக்யூரிட்டியிடம் போனேன். "என்ட்ரி மட்டும் போட்டுவிடுங்க, நம்பர் வரும்போது உள்ளே வர்றேன்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்துக்கொண்டு சொன்னார்: "கல் ஆவோ."

நாளைக்கு வா என்று அர்த்தமாம். நான் தமிழிலேயே எடுத்துக்கொண்டேன். கல் ஆனேன். அகலிகைக்காவது ராமர் வருவார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

ஏன் என்ட்ரி போட மாட்டேன் என்கிறார் என்று பக்கத்து வண்டி மதுரைக்காரர் சொன்னார். என்ட்ரி போட்ட நிமிஷத்திலிருந்து ஹால்டிங், அதாவது வண்டி காத்திருக்கிற கூலி, ஓட ஆரம்பித்துவிடும். குறிப்பிட்ட நேரத்துக்குள் இறக்காவிட்டால் சரக்குக்காரன் டிரான்ஸ்போர்ட்டுக்குக் காசு கட்ட வேண்டும். ரிஜிஸ்டரில் நம் பெயர் ஏறாத வரைக்கும் நாம் வரவே இல்லை. வராதவனுக்கு எதற்கு ஹால்டிங்? ஆக, கேட்டுக்கு உள்ளே இருக்கிறவனுக்கு லாபம். டிரான்ஸ்போர்ட்டுக்கு ஹால்டிங் போனால் என்ன, என்னிடம் தாமதக் காசு பிடித்துக்கொள்ளலாம், அவனுக்கும் நஷ்டமில்லை. மழையில் மூன்று நாள் நின்றவன் மட்டும் தாமதம்.

வியாழன் சாயங்காலம்தான் அந்தக் கண்ட்ரோல் ரூம் மேதை யோசனை சொன்னான். "அண்ணா, நீங்க போனை எடுத்துட்டு கேட் வரைக்கும் நடந்து போய் பட்டனை அமுக்கிடுங்களேன்."

போனேன். முட்டிக்கால் வரை சேறு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறவன் மாதிரி நடந்தேன். 300 மீட்டர். 250. 210. இருநூறில் பொத்தான் பச்சையாக மாறியது! அமுக்கினேன். "வாழ்த்துகள் கேப்டன்!" என்று பட்டாசு வெடிக்கிற படம் வந்தது. எனக்கே ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன்.

வண்டிக்குத் திரும்புவதற்குள் போன்.

"அண்ணா, போன் ரீச் ஆயிடுச்சு. வண்டி ரீச் ஆகலை. ரெண்டும் மேட்ச் ஆகல. சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு."

அது மட்டுமில்லை. வண்டி ஓரிடத்தில், டிரைவர் 140 மீட்டர் தள்ளி இன்னோரிடத்தில் இருப்பதாக சிஸ்டம் கண்டுபிடித்து, சரக்கை அனாதையாக விட்டுவிட்டதாகப் பதிவு செய்துவிட்டது. அதுதான் அந்த 500. சொன்னவன் அவன், நடந்தவன் நான். "அதை நீக்குங்க தம்பி" என்றேன். "அது வேற டீம் அண்ணா, டிக்கெட் போடுங்க" என்றான். போட்டேன். மறுநாள் பதில் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." எப்படி? யார்? எங்கே?

டீசல் கதையையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் ஒரு வண்டி நகர்ந்தால் நான் ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்த வேண்டும், நகர்த்தாவிட்டால் குறுக்கே வேறொருவன் நுழைவான். மூன்று நாள் இப்படி உருட்டினால் மைலேஜ் குறையாமல் ஏறுமா? 13 லிட்டர் குறைந்ததாம். கேன் வைத்து உறிஞ்சி விற்றுவிட்டேன் என்று மறைமுகமாகச் சொல்கிறார்கள். வண்டி எங்கே என்று சொல்லுகிற அதே கருவி, இன்ஜின் ஓடிக்கொண்டு வண்டி நின்றது என்றும் சொல்லும். அதை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

கழிவறை? கோடவுனுக்குள் இருக்கிறது. 'ஸ்டாஃப் மட்டும்' என்று எழுதியிருக்கிறது. வெளியே இருபத்தி நான்கு வண்டிக்காரர்கள், ஒரு காலி மனை, மழை. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை. கேபினில் ஸ்டவ் வைத்துத் தக்காளி சாதம் கிளறி மதுரைக்காரரும் நானும் சாப்பிட்டோம். அவர் பழைய ஆள். "இடிச்சிட்டு ஓடினா பத்து வருஷம் ஜெயில்னு சட்டம் போட்டானுங்களே, 2024 ஜனவரியில வடக்கே வண்டி நின்னதும் பெட்ரோல் பங்க்ல ஜனம் முண்டியடிச்சுது தம்பி. நாம நின்னாத்தான் நம்ம அருமை தெரியும்" என்றார். "மூணு நாளா நின்னுட்டுத்தாண்ணே இருக்கோம், யாருக்குத் தெரிஞ்சுது?" என்றேன். சாதம் புரையேறும் வரைக்கும் சிரித்தார்.

கேட் எப்படித் திறந்தது தெரியுமா? சனிக்கிழமை காலை யாரோ ஆபீசில் இ-வே பில்லை, அதாவது சரக்கோடு போகிற ஜிஎஸ்டி சீட்டை, பார்த்திருக்கிறார்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் இந்தத் தூரத்துக்கு ஏழு நாள். ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை கோடவுன் லீவு. அவ்வளவுதான், பறந்தது போன். இதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத மேனேஜர்கள் எல்லாம் என்னிடம் பேசினார்கள். 11:30-க்கு என்ட்ரி. எனக்கு முன்னால் நின்ற நாலு வண்டியைத் தாண்டி உள்ளே விட்டார்கள், அந்த நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் குத்துகிறது. மூன்று நாள் மனிதன் கத்தியதற்கு நகராத கேட், ஒரு காகிதம் காலாவதி ஆகப்போகிறது என்றதும் பத்து நிமிஷத்தில் நகர்ந்தது.

இந்த வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொன்னால் நீங்களே என்னைத் திட்டுவீர்கள். 'மாதம் 35,000 வரை' என்று போட்டிருந்தார்கள். அந்த 'வரை'யை நான் கவனிக்கவில்லை. சென்னையில் இருந்து தேனி 'வரை' பஸ் போகிறது என்றால் தேனிக்குப் போகும் அல்லவா? இது தாம்பரத்திலேயே இறக்கிவிடுகிற 'வரை'. இன்டர்வியூவில் கழுத்தில் பட்டை மாட்டிய ஒரு பெண், பதினாறு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிற என்னைப் பார்த்து, "அஞ்சு வருஷத்துல உங்களை எந்த இடத்துல பார்க்கறீங்க?" என்றாள். "மும்பை ரோட்டுல நிப்பாணி தாண்டியிருப்பேன்மா" என்றேன். எழுதிக்கொண்டாள். பிறகு ஒரிஜினல் லைசென்சை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். ரோட்டில் கேட்டால்? "டிஜிலாக்கர்ல காட்டிக்கங்க சார்." வேலையை விட்டால்? "நோட்டீஸ் பீரியட் முடிஞ்சதும் தருவோம்." என் லைசென்ஸ். நான் எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ்.

எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். பழைய ஓனர்கள் ஒன்றும் புத்தர்கள் இல்லை. என் முதல் ஓனர் தார்ப்பாய் கிழிந்ததற்கு என் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். ஆனால் அவரும் டிரைவராக இருந்தவர், பேச்சுக்கு ஒரு முகம் இருந்தது, நானும் திருப்பித் திட்டிவிட்டு அடுத்த நாள் அட்வான்ஸ் வாங்கப் போனேன், கொடுத்தார். இப்போது யாரைத் திட்டுவது? டிக்கெட் நம்பரையா? டோலில் ஃபாஸ்டேக் மூன்று வினாடியில் காசை உருவிக்கொள்கிறது, என் செட்டில்மெண்ட்டுக்கு நாற்பது நாள். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயமாம். சந்தோஷம். என்னுடையது 2021 வண்டி, நானே ஒரு சின்ன ஃபேன் வாங்கி மாட்டியிருக்கிறேன். அதற்கு 'அனுமதியில்லாத உபகரணம்' என்று இன்னும் பிடித்தம் போடவில்லை. இதைப் படித்துவிட்டுப் போடுவார்கள்.

இதில் மேடை போட்டு 'நல்ல டிரைவர்கள் கிடைப்பதில்லை' என்று அழுகிறார்கள் வேறு. கிடைப்போம் சார், 340 மீட்டர் தள்ளி வந்து பாருங்கள்.

நட்சத்திரம் எத்தனை கொடுத்தேன் என்கிறீர்களா? ஒன்று கொடுக்கப் போனேன். "ஒரு நட்சத்திரம் தருவதற்கு குறைந்தது 100 எழுத்தில் காரணம் எழுதவும்" என்று வந்தது. சிரித்துவிட்டேன். கேபினில் தனியாக உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். ஐந்தை அமுக்கிவிட்டு டீ குடிக்க இறங்கினேன்.

டீ 15 ரூபாய். ஒரு பத்து ரூபாய் காயினும் ஐந்து ரூபாய் காயினும் கொடுத்தேன். "பத்து ரூபா காயின் வேணாங்ணா, யாரும் வாங்க மாட்டேங்கறாங்க" என்கிறார் டீக்கடைக்காரர். ரிசர்வ் வங்கி 2018-லேயே 14 வடிவமும் செல்லும் என்று அறிக்கை விட்டாயிற்று. புனேயில் வாங்குகிறான், பிவண்டியில் கேட்டு வாங்குகிறான், நம்ம ஊர் டீக்கடையில் மட்டும் ஏனய்யா செல்லாது? செல்லாது என்று யார்தான் முதலில் சொன்னது? அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். என் டேஷ்போர்டில் இப்போது இருபத்தியிரண்டு பத்து ரூபாய் காயின் கிடக்கிறது. சேலம் பைபாஸ் பக்கம் யாராவது இருந்தால் வாங்கிக்கொண்டு இருநூறு ரூபாய் தாளாகக் கொடுங்கள், இரண்டு காயின் போனாலும் பரவாயில்லை.