"யாராவது" என்று ஒரு ஆள் கிடையாது

மொரிஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், கோயில் வாட்ஸ்அப் குழுவில் இது வந்து விழும்: "ஏழு கறி சாப்பாட்டுக்கு யாராவது வாழையிலை கொண்டு வந்துடுங்க." அறுபது பேர் பார்ப்பார்கள். பதினைந்து கட்டைவிரல், நாலு கும்பிடு. இலை மட்டும் வராது. பந்தி உட்காரும் நேரத்தில் காகிதத் தட்டுக்கு ஓட்டம். அப்புறம் "நம்ம ஆளுங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்று அரை மணி நேர வசவு வேறு.

பொறுப்பெல்லாம் இருக்கிறது, அறுபது பங்காகக் கரைந்துபோனதுதான் கோளாறு. 1968இல் உளவியலாளர்கள் டார்லியும் லத்தானேயும் வெளியிட்ட சோதனையில், இன்னொரு அறையில் இருப்பவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கவைத்தார்கள். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பியவர்களில் 85% பேர் குரல் ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நினைத்தவர்களில் 31%தான். வலிப்புக்கே இந்தக் கதி. வாழையிலைக்கு எவர் எழுந்திருப்பார்?

பேர் சொல்லிக் கேளுங்களேன், ஐயா! "தம்பி, 200 இலை, காவடியன்று காலை ஏழு மணிக்குள், மடப்பள்ளியில்." கட்டைவிரலைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், "200, ஏழு மணி" என்று அவரையே திருப்பி எழுதச் சொல்லுங்கள், 20 என்று படித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முந்தின நாள் மாலை ஒரு போன். "நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கோங்க" மட்டும் வேண்டவே வேண்டாம். ஒன்று, இலையே வராது. இல்லையென்றால் 400 வரும்.